ஏரியில் இட்ட மருந்து

சிக்கந்தராபாத்தில் 1897ஆம் ஆண்டு ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன்பின், கொசுப்புழு வளரும் நீர்நிலைகளின்மீது மனிதன் தொடுத்த போர் வலுத்தது. எண்ணெய் ஊற்றினார்கள், பாரிஸ் பச்சை என்னும் நஞ்சுத் தூளைத் தூவினார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. கைக்கு வந்தது. ஆனால் நீரில் கொசுப்புழு மட்டுமா வாழ்கிறது? அக்கேள்விக்குக் கடுமையான விடை தந்தது, கலிபோர்னியாவின் கிளியர் ஏரி.

அங்கே தொல்லை தந்தது கொசுவன்று. கொசுவின் சாயலுடைய, கடிக்காத ஒரு சிறு பூச்சி. கடிக்காத பூச்சியின்மீது ஏன் இத்தனை சினம் என்று நாம் கேட்கலாம். ஈசல் மொய்க்கும் விளக்கடியில் உணவருந்தியவர்கள் கேட்கமாட்டார்கள்.

டி.டி.டி.யின் நெருங்கிய உறவான வேறொரு மருந்தை, மீன்களுக்குத் தீங்கு குறைவு என்று கருதியே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அலட்சியம் என்று பழிப்பதற்கில்லை. 1949இல் ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து; 1954இலும் 1957இலும் ஐந்து கோடிக்கு ஒரு பங்கு. பூச்சி முதலில் அடங்கிற்று; பிறகு மீண்டும் தலைதூக்கிற்று.

1954ஆம் ஆண்டு மருந்திட்டபின் வந்த குளிர்காலத்தில் முக்குளிப்பான்கள் செத்துக் கிடந்தன. நம் குளங்களில் முங்கி எழும் முக்குளிப்பானின் இனந்தான் அது. உருவில் பெரியது, மீனையே உண்டு வாழ்வது. நூற்றுக்கு மேல் மாண்டன. நோய்க்கிருமி தேடினார்கள், கிடைக்கவில்லை. 1957க்குப் பின் மறுபடியும் சாவு. அப்போதுதான் பறவையின் கொழுப்பைச் சோதித்தார்கள்: பத்து லட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு! நீரில் இட்ட அளவைப்போல் எண்பதாயிரம் மடங்கு.

வியப்பு என்னவென்றால், மருந்திட்ட சில காலத்திலேயே நீரில் அதன் சுவடு இல்லை. அது ஏரியை விட்டுப் போய்விடவில்லை, உயிர்களுக்குள் புகுந்துகொண்டது. கண்ணுக்குப் புலப்படாத மிதவை உயிர்களில் ஐந்து பங்கு. அவற்றை உண்ட சிறு மீனில் அதனினும் மிகுதி. அம்மீனை விழுங்கிய பெருமீனில் இன்னும் மிகுதி. கொழுப்பில் கரையும் நஞ்சு நீரோடு வெளியேறாது. ஒவ்வோர் இரையோடும் சேர்ந்துகொண்டே போகும். நீரை அளந்து மருந்திட்டவர்கள், உண்ணும் வாய்களை அளக்கவில்லை.

மருந்திடுமுன் ஆயிரம் இணைகளுக்கு மேல் கூடுகட்டிய ஏரியில், 1960இல் முப்பது இணைகளே எஞ்சின. அவையும் கூடு கட்டின, குஞ்சுகளைத்தான் காணோம்.