ஒரே பட்டை, வேறு கணக்கு: சிங்கோனா மறந்துபோன கதை

ஹக்கல பூங்காவுக்குப் போனால் நாங்கள் எல்லாரும் செய்யிறது ஒண்டுதான்: பூக்களோட நிண்டு படம் எடுக்கிறது. ஆனால் 1861இல் அந்தத் தோட்டம் தொடங்கப்பட்டது பூவுக்காக இல்லை, காய்ச்சல் மருந்துக்காக. தென்னமெரிக்க அந்தீஸ் மலைகளிலிருந்து வந்த சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான்.

சிங்கோனாப் பட்டையில் மலேரியாவுக்கான குயினைன் இருக்கிறது. 1820இல் பெல்தியே, கவோந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர் அதைப் பிரித்தெடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், சிங்கோனா ஒரே மரம் இல்லை. சுக்கிருப்ரா என்ற சிவப்புப் பட்டை இனம் நோயைத் தாங்கி வேகமாக வளரும். ஆனால் அதில் குயினைன் பெரும்பாலும் 2, 3 வீதம்தான். மற்றதெல்லாம் சிங்கோனிடின், சிங்கோனின் போன்ற உறவுக்கார இரசாயனங்கள். லெஜரியானா என்ற இனத்திலோ குயினைன் 10 வீதத்தையும் தாண்டும்.

அந்த லெஜரியானாவின் விதைகளைப் பொலிவியாவில் தேடி எடுத்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்ற ஐமாரா பழங்குடி மனிதர். பிறகு அங்கேயே சிறைப்பட்டு, அடிபட்டு, அதனாலேயே இறந்துபோனார். மரத்துக்குக் கிடைத்ததோ, அவரை வேலைக்கு வைத்திருந்த சார்ள்ஸ் லெஜரின் பெயர். 1865இல் அந்த விதைகளைப் பிரித்தானிய அரசு வேண்டாம் என்றது. ஒல்லாந்தர் வாங்கி யாவாவில் நட்டார்கள். பலமான சுக்கிருப்ரா வேரில் லெஜரியானாவை ஒட்டுப்போட்டும் வளர்த்தார்கள்.

இங்கே 1869இல் கோப்பி இலைநோய் வந்தது. துரைமார் பதறிப்போய் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள், அதிகமாக நட்டது சுக்கிருப்ராவைத்தான். 1880களின் நடுப்பகுதியில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் குவிந்து, விலை விழுந்தது. குறைந்த விலையிலும் தாக்குப்பிடித்தது குயினைன் கூடிய யாவாப் பட்டைதான். எங்கட மலைகளில் சிங்கோனா பிடுங்கப்பட்டு, தேயிலை வந்தது.

இதில் எங்களை உறுத்துற விசயம் ஒண்டு இருக்கு. 1866இல் அமைக்கப்பட்ட மதராஸ் ஆணைக்குழு அந்த நாலு இரசாயனங்களையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. குயினைன் மட்டுமில்லை, மற்ற மூன்றும் வேலை செய்தன. அப்படியென்றால் சுக்கிருப்ரா மோசமான மருந்து இல்லை, லாபம் குறைந்த சரக்கு. ‘தரம்’ எண்டு சொன்னது லண்டன் சந்தையின் கணக்கு.

அந்தப் பட்டையை உரித்த கைகள் யாருடையவை? மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்த எங்கட ஆக்களுடையவை. அந்தப் பாதையிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1934–35 மலேரியாவில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். அப்போது உலகத்தின் குயினைனில் பெரும்பகுதி யாவாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அடுத்தமுறை ஹக்கல போனால், படம் எடுக்க முதல் ஒருக்கா யோசிப்போம்: ஒரு மரம் மருந்தா, சரக்கா எண்டு தீர்மானிக்கிறது ஆர்?