தெல்பிப் பேரவையும் மசிடோனிய மன்னனும்

கிரேக்க நகரரசுகளின் சுதந்திரம் கி. மு. 338இற் கைரோனியாப் போர்க்களத்தில் அழிந்தது என்பர். ஆயின், மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு அக்களத்துக்கு வந்த வழியை ஆராயின், அது ஒரு கோயிற் பேரவையினூடாகச் சென்றமை புலனாகும்.

தெல்பியிலுள்ள அப்பொலோ கோயிலைப் பரிபாலிக்கப் பன்னிரண்டு கிரேக்க இனத்தார் கூடிய பேரவை ஒன்றிருந்தது. இனமொன்றுக்கு 2 ஆக வாக்குகள் 24. புகழ்மிக்க அதென்சுக்கு அவற்றுள் ஒன்றே உரியது. வடக்கிலிருந்த தெசலியரோ, தம்மைச் சார்ந்த அயலினங்களையும் சேர்த்துப் பெரும்பான்மையைத் தம்வசம் வைத்திருந்தனர்.

கி. மு. 356இற் போக்கியர், பேரவை விதித்த தண்டத்தைச் செலுத்தாது, தெல்பியையே கைப்பற்றினர். பின்னர்க் கோயிற் செல்வத்தைக் கொண்டு கூலிப்படை திரட்டினர். தீப்ஸ் நகரத்தார் அவரை அடக்கமாட்டாது தளர்ந்தனர். தெசலியர் அயலரசனாகிய பிலிப்பைத் துணைக்கழைத்தனர். வந்தவன் தெசலியின் தலைமைப் பதவியையும் பெற்றான். கோயிற் கொள்ளையரை ஒறுக்க வந்த பக்தன் என்ற பெயரும் அவனுக்கு வாய்த்தது.

கி. மு. 346இற் போக்கியர் பணிந்தனர். அவர்க்குரிய 2 வாக்குகளையும் பேரவை பிலிப்புக்கு வழங்கியது. இருபத்து நான்கில் இரண்டு பெரிதன்று; தெசலியரின் வாக்குகளும் அவன் குறிப்பின்வழி நின்றன என்பதே நோக்கற்பாலது. கிரேக்கனல்லன் என்று பலர் இகழ்ந்த அவ்வரசன் அவ்வாண்டே பிதிய விழாவுக்குத் தலைமை தாங்கினான். அதென்சு விழாவைப் புறக்கணித்தது. எனினும், அவனை ஓயாது எதிர்த்த டெமொஸ்தெனிசே, பேரவை முழுவதையும் பகைத்தல் தகாது என நகரத்தார்க்கு அறிவுறுத்த நேர்ந்தது.

சில ஆண்டுகள் கழிய, அதென்சின் பிரதிநிதி ஈஸ்கினிஸ், தன் நகர்மீதெழுந்த குற்றச்சாட்டைத் திருப்புவான் வேண்டி, அம்பிசா ஊரார் கடவுளுக்குரிய நிலத்தை உழுகின்றனர் எனப் பேரவையில் முழங்கினான். கோயில் நிலவழக்கு எத்துணைத் தூரம் செல்லும் என்பதறிந்தோர் மேல் நிகழ்ந்ததற்கு வியவார். கி. மு. 339இற் பேரவை பிலிப்பைத் தன் படைத்தலைவனாக்கியது. அவனோ எலதெயாவைக் கைப்பற்றி, அதென்சுக்குச் செல்லும் வழியில் நின்றான். பழம்பகைவராகிய அதென்சும் தீப்சும் அப்பொழுதே கைகோத்தன, காலம் கடந்துவிட்டது.

பிலிப்பைச் சூழ்ச்சிக்காரன் எனச் சாடுதல் எளிது. ஒவ்வொரு முறையும் அவனை அழைத்தோர் பேரவை உறுப்பினரே.

கி. மு. 337இற் கொரிந்துவிற் கூடிய புதிய சங்கம் அவனைத் தலைவனாக ஏற்றது. ஸ்பார்த்தா மட்டும் அதிற் சேரவில்லை. தெல்பிப் பேரவை முன்போலவே ஆண்டுக்கு இருமுறை கூடியது. போக்கியரின் தண்டப்பணத்தைக் கொண்டு திருப்பணியை நடத்திவந்தது.