ஊசி மலையேறும் வழி

உடம்பை மெலிய வைக்கும் ஊசி பல்லி விஷத்தில் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது பாதிக் கதைதான். பல்லிக்கு முன்னால் ஒரு மீன் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஜோயல் ஹபெனரின் ஆய்வுக்கூடத்தில் ஆங்லர் மீனின் கணையத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரத்தத்தில் சீனியை ஏற்றும் குளுக்ககன் ஹோர்மோனுக்கான மரபணுவிலேயே அதன் சாயலில் இன்னொரு ஹோர்மோனும் ஒளிந்திருப்பது அப்போது தெரியவந்தது. மனித உடம்பில் அதற்கு ஜி.எல்.பி-1 என்று பெயர். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும். கணையத்தைத் தூண்டி இன்சுலினை வரவழைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும், வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும். அதன் உண்மையான வடிவத்தைக் கண்டெடுத்தவர்களில் ஸ்வெட்லானா மொய்சோவ் முக்கியமானவர். பரிசுகளும் பாராட்டுகளும் வந்த காலத்தில் அவருடைய பெயர் நெடுநாள் விடுபட்டே கிடந்தது.

இந்த ஹோர்மோனை மருந்தாக்குவதில் ஒரு சிக்கல். இரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள்ளேயே அதில் பாதி சிதைந்துவிடுகிறது. பல்லி உள்ளே வருவது இங்கேதான். 1992இல் நியூயோர்க்கில் மருத்துவர் ஜோன் எங், கீலா மொன்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் இதே வேலையைச் செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். 2005இல் அது எக்ஸெனடைட் என்ற நீரிழிவு ஊசியாக வெளிவந்தது. நாளுக்கு இரண்டு தடவை போட வேண்டும். இன்று எல்லோரும் பேசும் செமாக்ளூடைட் அந்தப் பல்லியின் வம்சமல்ல. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியெர்ரே நுட்சனும் அவருடைய சகாக்களும் மனித ஹோர்மோனையே எடுத்து, அதில் ஒரு கொழுப்பு அமிலத்தைக் கோத்தார்கள். இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அது மணிக்கணக்கில் நின்றது. அந்த வழியில் வளர்ந்ததுதான் வாரத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்ற செமாக்ளூடைட். கலுண்ட்போர்க் என்ற சிறிய கடலோர நகரில், ஈஸ்ட் நுண்ணுயிர்களை வைத்து அதைத் தயாரிக்கிறார்கள்.

இந்த ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் எழுதும் பேனா அளவுதான். பின்முனையைத் திருக, எத்தனை மில்லிகிராம் என்று சின்னச் சாளரத்தில் எண் ஏறும். முன்முனையில் நாலு மில்லிமீற்றர் ஊசி. வயிற்றுத் தோலில் குத்தி, எண் பூச்சியத்துக்கு இறங்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் தடவை பாவிக்கும்வரை 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது.

2017 டிசம்பரில் அமெரிக்கா இதை ஒசெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்கு அனுமதித்தது. பிறகு இதன் வாழ்க்கை திசைமாறியது. 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் நீரிழிவு இல்லாத 1,961 பேர் 68 வாரம் கலந்துகொண்டார்கள். ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 வீதம் எடை குறைந்தது, போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4 வீதம். அந்த ஜூனிலேயே வெகோவி என்ற பெயரில் எடைக்குறைப்பு மருந்தானது. அடுத்த ஆண்டு டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசி, 72 வாரத்தில் ஏறத்தாழ 21 வீதத்தைக் காட்டியது.

யாருக்கு இதைக் கொடுக்கலாம் என்ற சண்டைக்கு விதை போட்டதும் அந்த ஸ்டெப்-1தான். ஆய்வில் சேர உடற்திணிவுச் சுட்டி 30 இருக்க வேண்டும். பிரஷர், கொலஸ்ட்ரோல் போன்ற ஏதாவது இருந்தால் 27 போதும். கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது இந்த எண். பெல்ஜியத்தின் கெட்லே 1830களில் போட்ட கணக்கு அது. நோயாளியைத் தேர்ந்தெடுக்க அவர் அதைப் போடவில்லை, சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறியப் போட்டார். ஸ்டெப்-1இல் கலந்துகொண்டவர்களின் சராசரி எடை 105 கிலோ. நாலில் மூவர் வெள்ளையர். அவர்களுடைய உடம்பில் தேறிய 30-27 என்ற எல்லைதான் மருந்துப் பெட்டியோடு சேர்ந்து உலகமெல்லாம் பயணப்பட்டது.

இனி மலையகத்துக்கு வருவோம். களனி கங்கையின் கிளையான கெகல்கமு ஓயாவை மறித்து, இலங்கையின் நீர்மின்சாரக் கனவைக் கண்ட பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரில் மின்நிலையமும் வைத்திருக்கும் ஊர் நோட்டன் பிரிட்ஜ். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். உயரம் 150 சென்ரிமீற்றர், எடை 56 கிலோ. சுட்டி 24.9. லயத்திலுள்ளவர்கள் யாரும் அவரைப் பருமன் என்று சொல்லமாட்டார்கள். கையும் காலும் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். கிளினிக் கொப்பியைத் திறந்தால் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் இருக்கும். இப்படிப்பட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். 30 என்ற எல்லையைத் தொட அவருக்கு 67 கிலோவுக்கு மேல் வேண்டும்.

இந்த உடம்பின் இரகசியத்தை ஒரு படம் காட்டிக்கொடுத்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் பிடித்துப் போட்டார்கள். இருவருடைய சுட்டியும் 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. யாஜ்னிக் இதைத் தாயின் வயிற்றுவரை தேடிப் போனார். புனே கிராமங்களில் 2.7 கிலோவோடு பிறந்த குழந்தைகளுக்கு, இங்கிலாந்தின் 3.5 கிலோக் குழந்தைகளோடு பார்க்கையில் தசை மிகக் குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றிலேயே பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பைச் சேமிக்கப் பழகிவிடுகிறது, பிறகு கொஞ்சம் சோறு கூடினாலே சீனி வந்துவிடுகிறது.

மலையகத் தமிழருக்கு இது தூரத்துக் கதையில்லை. கோப்பிக் காலத்தில் தொடங்கி 1876-78 தாது வருசப் பஞ்சம் வரை, பசிக்குத் தப்பித்தான் நம் முன்னோர் கடல் தாண்டி மலையேறினார்கள். வந்த இடத்திலும் வயிறு நிறையவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசனவியல் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். குட்டைப் பிள்ளைகள் உள்ள இடத்தில் எடைக்குறைப்பு ஊசியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைதான் நாற்பது வயதில் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கப் போகிறது. பிள்ளைக்குச் சத்துணவும் வேண்டும், அதன் அம்மாவின் சீனி நோய்க்கு மருந்தும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது நியாயமில்லை.

எல்லை பிழை என்பது அறிஞர்களுக்குத் தெரியாததல்ல. 2002இல் சிங்கப்பூரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23இலும் 27.5இலுமே கவனம் வேண்டும் என்றது. ஆனாலும் 25, 30 என்ற பொது எல்லைகளைத் தொடாமல் விட்டுவிட்டது. 2021இல் இங்கிலாந்தில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளையருக்குச் சுட்டி 30இல் உள்ள அதே நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. ஆறு புள்ளி வித்தியாசம். அதே இங்கிலாந்தில் 2025 ஜூனில் டிர்செபடைட்டைப் பொது மருத்துவர்கள் மூலம் அரச சுகாதார சேவையில் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் ஆண்டில் சுட்டி 40உம் குறிப்பிட்ட ஐந்து நோய்களில் நான்கும் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். தெற்காசியருக்கு 2.5 சலுகை, அதாவது 37.5. லண்டனின் ஹரோவில் வாழும் 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள தமிழ்ப் பெண் ஒருவர் 84 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் அந்த வரிசையில் நிற்க முடிந்தது. ஆறு புள்ளிக்கு இரண்டரை கொடுத்ததைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே மருத்துவர்கள் பல காலமாக 25ஐத் தாண்டினாலே பருமன் என்று எழுதுகிறார்கள். ஆனால் 2025 மார்ச்சில் டிர்செபடைட் அங்கே மௌன்ஜாரோ என்ற பெயரில் வந்தபோது எடைக்குறைப்புக்கான அனுமதியில் 30, 27 என்றே எழுதியிருந்தது. விலை இன்னொரு எல்லை. 5 மில்லிகிராம் குப்பி அப்போது 4,375 இந்திய ரூபாய், மாதத்துக்கு நான்கு. இலங்கைக் காசில் ஐம்பதாயிரத்துக்கு மேல். தோட்டத் தொழிலாளிக்கு 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம், வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபாய். 25 நாளும் பேர் போட்டாலும் 43,750. காசுள்ளவர் சுட்டி 26 ஆனாலும் தனியார் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொள்வார். எல்லை என்பது கடைசியில் இல்லாதவருக்கு மட்டுமே எல்லையாகிறது.

இந்தக் காசுப் பலத்தால் உலகம் ஒரு தடவை அடிபட்டது. 2022இலிருந்து மெலிய விரும்பியவர்கள் ஒசெம்பிக்கை அள்ளிக்கொண்டு போக, சீனி நோயாளிகளுக்குக் கிடைக்காமல் போனது. நீரிழிவுக்கு மட்டுமே எழுதுங்கள் என்று 2023இல் பிரித்தானியா மருத்துவர்களுக்கு அறிவித்தது. போலிப் பேனாக்களும் கிளம்பின. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. போலி இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரத்தை 2023இல் கண்ட நாடு நம்முடையது, அந்த எச்சரிக்கையின் கனம் நமக்குப் புரியும்.

இப்போது காற்று மாறியிருக்கிறது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நீரிழிவோடு இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு என்றது. நல்லது. ஆனால் கூடவே சுட்டி 30 என்றும் எழுதியது. 2026 மார்ச்சில் இந்தியாவில் செமாக்ளூடைட்டின் காப்புரிமை முடிந்தது. பல இந்தியக் கம்பனிகள் அதற்காகவே காத்திருந்தன. மலிவான ஊசி பாக்கு நீரிணைக்கு அக்கரையில் வந்து நிற்கிறது. இக்கரைக்கு அது யாருக்காக வரவேண்டும் என்று முடிவுசெய்யும் நேரம் இது.

நமக்கு இதில் ஒரு முன்மாதிரி உண்டு. 1970களின் தொடக்கத்தில் பேராசிரியர் சேனக பிபிலே, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்து, தேவையான மருந்துகளை மட்டும் பட்டியலிட்டு, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்தார். எந்த மருந்து வரும் என்பதை நோயாளியின் தேவை தீர்மானிக்கட்டும் என்பதே அவர் கொள்கை. உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசியப் பட்டியல் வந்தது 1977இல், அதற்குப் பிறகு. இந்த ஊசியையும் அப்படித்தான் கொண்டுவர வேண்டும்.

ஊசியை நான் மந்திரக்கோல் என்று எண்ணவில்லை. நிறுத்தினால் ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட நாட்டில், தொடங்கிவிட்டு இடையில் விடுவதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. குமட்டலும் வாந்தியும் வரும். கொழுப்போடு தசையும் கரையும். செங்குத்து மலையில் கூடை சுமப்பவருக்கு அது வருமானத்தையே கரைக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதனால்தான் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஆனால் பலன் எங்கே உறுதியாகத் தெரிந்திருக்கிறதோ அங்கே தயங்கக் கூடாது. 2024இல் வெளியான ஃப்ளோ ஆய்வில், நீரிழிவோடு சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கிய 3,533 பேரில், செமாக்ளூடைட் போட்டவர்களுக்குக் கடுமையான சிறுநீரகப் பாதிப்பும் அதனாலும் இருதய நோயாலும் வரும் மரணமும் கூட்டாக 24 வீதம் குறைந்தன. சிறுநீரகம் செயலிழந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரத்தில் படுக்க வேண்டும். நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் பிடித்துப் போய் அதைச் செய்யும் குடும்பத்துக்கு வேறு வாழ்க்கை மிஞ்சாது.

ஆகவே சுகாதார அமைச்சிடம் கேட்பது இவை. நீரிழிவோடு சிறுநீரகமோ இருதயமோ பழுதானவர்களுக்கு அரச கிளினிக்கில் முதலிடம் கொடுங்கள். அவர்களுக்குச் சுட்டி 30 என்ற எல்லையை எடுத்துவிடுங்கள். சுட்டியோடு இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பதே நம் உடம்புக்குரிய அளவு. அடுத்த இடம், நீரிழிவு வராவிட்டாலும் பருமனால் நோய்ப்பட்டவர்களுக்கு. கல்யாணத்துக்கு மெலிய விரும்புகிறவர்கள் அரச செலவில் வரிசைக்கு வரவேண்டியதில்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை வரை மட்டும் ஊசி வந்தால் போதாது. தோட்ட டிஸ்பென்சரியில் குளிர்பெட்டியும் அதைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும்.

வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, எடை பார்த்ததோடு எழுந்து வராதீர்கள். இடுப்பையும் அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அழகுநிலையத்திலோ போன் விளம்பரத்திலோ வரும் பேனாவை வாங்கிக் குத்திக்கொள்ளாதீர்கள்.