பொத்தான் (ஜாவா சுவிங்)

பொத்தான் என்பது வரைகலைப் பயனர் இடைமுகத்தில் ஒரு செயலைத் தொடங்கப் பயன்படும் உறுப்பு ஆகும். 1998இல் வெளியான ஜாவா 1.2 பதிப்பில் இணைந்த சுவிங் நிரலகத்தில் இது ஜேபட்டன் என்னும் வகுப்பாக அமைந்துள்ளது.

நிரலாக்கம்

பொத்தானை உருவாக்கிச் சாளரத்தில் சேர்த்தால் மட்டும் போதாது. அழுத்தினால் அமிழுமே தவிர, வேறெதுவும் நிகழாது. ஆட்ஆக்சன்லிசனர் என்னும் செயற்கூற்றின் மூலம் நிகழ்வு கவனிப்பான் ஒன்றை இணைத்த பின்னரே, ஒவ்வொரு சொடுக்கின்போதும் கவனிப்பானிலுள்ள நிரல் இயங்கும்.

உறையும் சாளரம்

சாளரத்தை வரைவதையும் சொடுக்குகளைக் கையாள்வதையும் ஒரே இழை செய்கின்றது. எனவே பெரிய கோப்பைத் தரவிறக்குவது போன்ற நீண்ட பணியைக் கவனிப்பானுக்குள்ளேயே எழுதினால், அது முடியும்வரை சாளரம் உறைந்துவிடும். நிறுத்துவதற்கென வைத்த பொத்தானும் இயங்காது. இத்தகைய பணிகளை, ஜாவா 6இல் (2006) சேர்க்கப்பட்ட சுவிங்வொர்க்கர் வகுப்பின் மூலம் பின்னணி இழைக்கு மாற்ற வேண்டும். அதுவரை தொடக்கப் பொத்தானை முடக்கி வைத்தால், ஒரே பணி இருமுறை தொடங்குவதைத் தவிர்க்கலாம்.