பால்காரர் சைக்கிள்

அக்கா மகன் ஊரிலிருந்து வேலை தேடி மும்பை வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். இப்போதைக்குச் சாப்பாடு டெலிவரி வேலையில் சேர்வதாக முடிவு. பைக் வாங்க வசதியில்லை, டிரைவிங் லைசென்ஸும் எடுக்கவில்லை. சைக்கிளிலும் போய்க் கொடுக்கலாம் என்று தெரிந்ததும், கையில் 8,000 ரூபாயோடு என் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, இது எப்படி இருக்கு?"

போனில் ஒரு சிவப்பு சைக்கிள். தடி டயர், முன்பக்கம் ஸ்பிரிங், பின்பக்கம் ஏழு கியர். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. விலை 14,000, மீதிக்குத் தவணையாம்.

"பேசாம கருப்பு சைக்கிள் ஒண்ணு வாங்கேன்டா" என்றேன்.

"ஐயே, அது பால்காரர் சைக்கிள் மாமா. பசங்க சிரிப்பாங்க."

சிரிப்பு எனக்குத்தான் வந்தது. அந்தப் பால்காரர் சைக்கிள் ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்த சாமான். எங்கள் தாத்தா தன்னுடைய ராலே சைக்கிளைப் பிள்ளைகள் தொடக்கூட விடமாட்டார். நகராட்சியில் பணம் கட்டி லைசென்ஸ் வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். அவ்வளவு மரியாதையான வண்டி, எப்படி இவ்வளவு கீழே இறங்கியது?

கதை 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்தை இழுக்கும் செயின் என்று ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். இந்த இரண்டும் சேர்ந்து வளர்ந்ததுதான் நம் கருப்பு ரோட்ஸ்டர். 28 இன்ச் சக்கரம், கம்பி பிரேக், மூடிய செயின் கவர். நல்லது கெட்டது இரண்டு ரோட்டையும் தாங்குவதற்கென்று செய்தது.

இந்தியாவுக்கு முதலில் கப்பலில்தான் வந்தது. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாமே ஆங்கிலேயப் பெயர்கள். டாக்டர், வாத்தியார், சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டில்தான் பார்க்க முடியும். பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். மும்பை ஒர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ் தொழிற்சாலை இருந்தது. தொழிற்சாலை போய்விட்டாலும் அந்தப் பெயரில் அங்கே சாலை உண்டு. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. நம் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் பிறந்தது அப்படித்தான். வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே வந்தது. 1951-ல் ஹரியானாவின் சோனிபத்தில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ.

இதில் லூதியானாவின் பங்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹீரோவைத் தொடங்கிய முஞ்சால் சகோதரர்கள், இன்று பாகிஸ்தானில் இருக்கும் கமாலியா ஊர்க்காரர்கள். முதலில் விற்றது சைக்கிள் இல்லை, சைக்கிள் பாகங்கள். பெடல், செயின், ஃப்ரீவீல், மட்கார்டு என்று லூதியானாவில் பட்டறைக்குப் பட்டறை ஒவ்வொரு பாகமாகச் செய்தார்கள். எந்தக் கம்பெனி ரோட்ஸ்டரானாலும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். பாகமாக வந்ததை உள்ளூர்க் கடைக்காரர் பூட்டி விற்றார். அதனால் அவருக்கு அதைக் கழற்றவும் தெரிந்திருந்தது. குமரியிலிருந்து காஷ்மீர் வரை மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சர் கடைக்காரர் இந்த வண்டியை ரிப்பேர் பார்ப்பதற்கு இதுதான் காரணம். 1986-ல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று ஹீரோ கின்னஸில் ஏறியது.

அதற்குள் ஸ்கூட்டரும் மொபெட்டும் வந்துவிட்டன. காசு வந்தவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கினார்கள். இறங்க முடியாதவர்கள் அதன்மேல் சுமையை ஏற்றினார்கள். 1890-லிருந்து இந்த ஊரில் சாப்பாடு சுமக்கும் டப்பாவாலாக்கள், ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கேரியரிலும் டப்பாக்களைத் தொங்கவிட்டு ஸ்டேஷனுக்கு மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேஸ் சிலிண்டர் ஒன்று நிரம்பியிருந்தால் 30 கிலோ இருக்கும். அதை ஒன்றுக்கு மேல் கட்டிக்கொண்டு போகிறார்கள். தாராவியில் விடியற்காலையில் அலுமினியப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு இட்லி விற்கக் கிளம்புகிறவர்கள் நம் ஆட்கள். தாத்தாவின் கௌரவம் இப்படித்தான் பால்காரர் சைக்கிள் ஆனது. வண்டி மாறவில்லை, ஏறுகிற ஆள்தான் மாறினார்.

கம்பெனிகளும் தப்பவில்லை. அட்லஸின் சாஹிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று நின்றது. அன்று உலக சைக்கிள் தினம்! 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். வாங்குகிறவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, மருமகனிடம் மூன்றே கேள்வி கேட்டேன்.

"பை எங்கே வைப்பே?" ஸ்பிரிங் வண்டியில் கேரியர் இல்லை, முழுநாளும் முதுகில்தான் சுமக்க வேண்டும். ரோட்ஸ்டரின் இரண்டு கால் ஸ்டாண்டு சுமையோடு நேராக நிற்கும். பக்கவாட்டு ஸ்டாண்டு வண்டி குழம்போடு சாய்ந்துவிடும்.

"கெட்டுப்போனா யார் பார்ப்பா?" மலிவு கியர் ஒருமுறை வளைந்தால் பெரிய கடையைத் தேடிப் போக வேண்டும். அன்றைய சம்பளம் போச்சு. கருப்பு வண்டிக்கு அடுத்த தெருவே போதும்.

"தவணையை யார் கட்டுவா?" இதற்கு அவன் தரையைப் பார்த்தான்.

குறைகளையும் மறைக்கவில்லை. 20 கிலோவுக்கு மேல் இருக்கும், மேம்பாலத்தில் மூச்சு வாங்கும். மழையில் ஸ்டீல் ரிம் நனைந்தால் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது, முன்கூட்டியே பிடித்து மெதுவாகத்தான் போக வேண்டும். உயரம் பார்த்து 22 இன்ச் பிரேமா, 24 இன்ச்சா என்று ஏறி உட்கார்ந்து பார்த்துதான் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பழைய டபுள் பார் வண்டி ஒன்றைப் பிடித்தோம். சக்கரத்தைச் சுற்றிக் கோட்டம் பார்த்தோம். பிரேம் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம். பெடல் தண்டைப் பிடித்து ஆட்டி, உள்ளே ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தோம். மிச்சப் பணத்தில் இரண்டு புது டயர், விளக்கு, நல்ல பூட்டு, ஹெல்மெட். ஒரு ஓவராயிலும் ஆனது. அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சியது.

முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். நேற்று இரவு வந்து ஷூவைக் கழற்றியபடியே சொன்னான்: "மாமா, வழியில பஞ்சர். பத்து நிமிஷத்துல ஒட்டிக் கொடுத்துட்டார். பக்கத்துல கியர் வண்டிப் பையன் ஒருத்தன் தள்ளிக்கிட்டே போனான், பாவம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவின் ராலே ஞாபகம்தான் வந்தது.