சேலம், நாமக்கல் மலைச்சாலைகள்: மண் அகற்றும் பணியின் வரலாறு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 வளைவுகள். குளிர்ப் பகுதிகளில் மலைச்சாலையை அடைப்பது பனி. காஷ்மீரின் சோஜி லா கணவாயில் எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை அகற்றிப் பாதையைத் திறக்கிறது. சேலம், நாமக்கல் மலைகளில் அந்த இடத்தை மழையில் சரியும் மண்ணும் பாறையும் பிடித்துக்கொள்கின்றன.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். விளைச்சலைச் சமவெளிக்கு இறக்க வண்டி செல்லும் பாதை தேவை. செங்குத்துச் சரிவில் வண்டி நேராக ஏறாது என்பதால், மலையைப் பக்கவாட்டில் வெட்டி வளைத்து வளைத்துப் பாதை அமைப்பதே வழி. ஆனால் வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் மேலுள்ள மண் தன் பிடிமானத்தை இழக்கிறது.

ஆகவே மலைச்சாலை ஒருமுறை போட்டதோடு முடிவதில்லை. மலையை ஒட்டிய வடிகாலிலும் சிறுபாலங்களிலும் சருகும் மண்ணும் அடைத்தால், மழைநீர் சாலையின் குறுக்கே பாய்ந்து பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரை அரிக்கும். மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருவதும், சரிந்த மண்ணை உடனே அள்ளுவதும் சாலையைக் காக்கின்றன. பெரிய பாறைகளை இன்று பொக்லைன் அகற்றுகிறது. வடிகாலைத் துப்புரவு செய்ய இன்றும் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்த கைகள் வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய பராமரிப்பு வேலைகளைச் செய்பவர்கள் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள். 2002இல் மாநிலம் முழுவதும் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2006இல் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர்.

2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியும், கொல்லிமலைக்கு முள்ளுக்குறிச்சி வழியும் மாற்றுப் பாதைகளாக உள்ளன. ஆனால் பெருமழையில் மாற்றுப் பாதையிலும் மண் சரியலாம். சுற்றுலாப் பயணி பயணத்தைத் தள்ளிவைக்கலாம். மலைவாழ் மக்களுக்கோ அன்னாசியையும் வாழையையும் சந்தைக்கு இறக்கவும், நோயாளியைச் சமவெளி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் சாலை திறந்திருந்தாக வேண்டும்.