மடவையின் ஒரு சொட்டு ரத்தம்

சோப்பு நுரையின் வரலாற்றில் நம்ம மணலிக்கும் ஒரு பங்கு உண்டு. 1984இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ் அங்கே லீனியர் அல்கைல் பென்சீன் தயாரிக்கிறது. அதை சல்ஃபோனேட் ஆக்கினால் அதுதான் வாஷிங் பவுடரின் உயிர். 'லீனியர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1950களில் பயன்பட்ட கிளைச்சங்கிலி ரசாயனத்தை பாக்டீரியாவால் எளிதில் தின்ன முடியவில்லை. ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது, 1965 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகளும் நேர்ச்சங்கிலிக்கு மாறின. நுரை கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் நடந்தது.

மரபணுச் சேதம் அப்படித் தெரியாது. அதைக் காட்ட எளிய வழி கண்டவர் பெர்க்லியின் புரூஸ் ஏம்ஸ். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மோனெல்லாவை எடுத்துக்கொண்டார். அது கிட்டத்தட்ட இல்லாத தட்டில் இந்த பாக்டீரியா வளராது. சோதிக்கும் ரசாயனம் மரபணுவை மாற்றி, இழந்த திறனை மீட்டுவிட்டால் புள்ளி புள்ளியாக முளைக்கும். உடம்புக்குள் போனபின் ரசாயனம் என்னவாகும் என்று பார்க்க எலி ஈரல் சாறும் சேர்ப்பார்கள். இரண்டே நாளில் பதில். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத சோதனை இது.

நேர்ச்சங்கிலி சல்ஃபோனேட் இதில் தேறிவிட்டது. ஆலைகளில் புழங்கும் வேறொரு வகை டிடர்ஜென்ட் சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனாலும் தேறியது. ஆனால் 1991இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆனா சோட்டோ குழு, அது ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்வதைக் கண்டது. ஆய்வகத்துப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்தே மார்பகப் புற்றுச் செல்களைப் பெருக வைத்திருந்தது! ஐரோப்பா 2003இல்தான் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜீன் தப்பித்தது, ஹார்மோன் மாட்டிக்கொண்டது.

மணலிக்குப் பக்கத்தில் ஓடும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வடக்கே பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. அங்கே மீன் விற்கும் ஒரு அக்கா சொன்னார்: "எண்ணூர் மீனான்னு கேக்குறாங்க தம்பி. பழவேற்காடுன்னு சொன்னாலும் நம்பாம போயிடுறாங்க."

இதற்கு பாக்டீரியா தட்டு பதில் சொல்லாது, மீனே சொல்லும். நம்ம சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மீனுக்கு உண்டு. குரோமோசோம் உடைந்தால் அதன் துண்டு, செல்லுக்குள் தனிக் குட்டி உட்கருவாக ஒதுங்கி நிற்கும். ஒரு சொட்டு ரத்தம், சாயம், மைக்ராஸ்கோப், பொறுமையாக எண்ண ஓர் ஆள். கூடவே, சுத்தமான தண்ணீரில் வளர்ந்த அதே இன மீன், ஒப்பிட்டுப் பார்க்க. எண்ணிக்கை கூடியிருந்தால் தண்ணீரில் ஏதோ உடைக்கிறது என்று தெரியும். எது, யாருடையது என்று தெரியாது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கூடையிலிருந்த மடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை மீன் வேணும் உங்களுக்கு?" என்றார்.